கம்பளி ஊர்களும் காற்றடைத்த சக்கரமும்

ஒரு நாட்டின் வரலாற்றை அதன் தலைநகரில் நின்று கற்பது ஒரு முறை; அதன் பழஞ்சாலைகளில் மெல்லச் சென்று கற்பது பிறிதொரு முறை. இரண்டாம் முறையைப் பொதுமக்களுக்கு எளிதாக்கிய கருவி மிதிவண்டி ஆகும். இங்கிலாந்து நாட்டில் அக்கருவி திறந்துவிட்ட வழிகளையும், அவ்வழிகளுக்கு விலை கொடுத்தோர் யாவர் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

இலண்டனிலிருந்து நாற்றிசைக்கும் குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில் சாலையோரச் சிற்றூர்களில் சத்திரங்கள் செழித்திருந்தன. 1830க்குப் பின்னர் இருப்புப்பாதை பரவியது. தொலைவழிக் குதிரை வண்டிகள் நின்றன. சத்திரங்களின் இலாயங்கள் வெறுமையாயின. சாலைகளைச் செப்பனிடுவாரும் அருகினர். இவ்வாறு ஒரு தலைமுறைக் காலம் உறங்கிக் கிடந்த சாலைகளைத் தட்டி எழுப்பியோர் மிதிவண்டிக்காரரே.

1878ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், யார்க்ஷயரிலுள்ள ஹாரகேட் நகரில், ஸ்டான்லி காட்டரல் என்பார் மிதிவண்டிப் பயணிகளுக்கெனக் கழகம் ஒன்றைத் தோற்றுவித்தார். அக்காலத்து மிதிவண்டியின் முன்சக்கரம் ஆளுயரம் இருக்கும்; கல் தடுக்கினால் ஏறியவர் தலைகுப்புற வீழ்வார். ஆகவே சரிவான இறக்கங்களின் உச்சியில், இக்குன்று ஆபத்தானது என்று அறிவிக்கும் பலகைகளைக் கழகம் நாட்டியது. உறுப்பினர் நம்பித் தங்கத்தக்க விடுதிகளின் சுவரில் சிறகு முளைத்த சக்கரச் சின்னத்தைப் பதித்தது. வழி கூறும் நூல்களையும் வெளியிட்டது. 1886இல் சாலைகளைச் சீர்செய்வதற்கென மற்றோர் அமைப்புடன் சேர்ந்து தனிச் சங்கமே கண்டது. 1888ஆம் ஆண்டுச் சட்டம் மிதிவண்டியையும் வண்டி என ஏற்று, சாலையில் அதற்குரிய உரிமையை உறுதி செய்தது. மோட்டார் வண்டி வருவதற்கு முன்னரே நல்ல சாலை கேட்டுக் குரல் எழுப்பியவர் இவர்கள் என்பதை இன்று மோட்டார் ஓட்டுவோர் நினைத்துப் பார்ப்பதில்லை.

1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி இரு சக்கரமும் ஒத்த அளவினவாகிய ‘ரோவர்’ வண்டியைக் கொணர்ந்தார். 1888இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரப்பர் டயரை உருவாக்கினார். அச்சமும் குலுக்கலும் நீங்கவே, மிதிவண்டி வீரரின் விளையாட்டாக இருந்த நிலை மாறிற்று. 1899இல் கழகத்தின் உறுப்பினர் தொகை 60,449 ஆயிற்று. பெண்டிரும் வெளிவந்தனர். ஆயினும் வழி எளிதாக இல்லை. 1898இல் ஹார்பர்ட்டன் சீமாட்டி, நீள் பாவாடையை விடுத்துத் தளர்ந்த கால்சட்டை அணிந்து சென்றமையால், சரே மாவட்டத்து விடுதியொன்றில் காப்பி அறைக்குள் அனுமதிக்கப்படவில்லை. மதுக்கூடத்தையொட்டிய அறையில் உண்ணலாம் என்றனர். கழகம் வழக்குத் தொடுத்து, மறு ஆண்டில் தோற்றது.

இப்பயணிகள் விரும்பிச் சென்ற நிலப்பகுதிகளுள் காட்ஸ்வோல்ட் குன்றுநிலம் குறிப்பிடத்தக்கது. பேரலைகள் எழுந்து உறைந்தாற்போன்ற மேடுகள். அவற்றின் மடிப்புகளில் தேன்நிறச் சுண்ணக்கற்களால் ஆன ஊர்கள். இதனூடே ‘ஃபாஸ் வே’ என்னும் உரோமானியர் சாலை, எக்ஸ்டரிலிருந்து லிங்கன் வரை செல்லும் வழியில், பெரும்பாலும் நேர்கோடாக ஓடுகிறது. மேடு பள்ளம் பார்த்து வளையாமல் படை நடத்துவோர் அமைத்த சாலை அது என்பதைப் புத்தகம் சொல்லலாம். ஏறத்தாழ 800 அடி உயரத்திலுள்ள ஸ்டோ-ஆன்-த-வோல்ட் ஊருக்கு மிதித்து ஏறுபவனுக்கு அவன் முழங்கால்களே சொல்லிவிடும்.

அருகிலுள்ள சிப்பிங் கேம்டன் ஊரை நோக்குவோம். ‘சிப்பிங்’ என்பது சந்தையைக் குறிக்கும் பழஞ்சொல். நம் ஊர்ப்பெயர்களில் ‘பேட்டை’ வருவது போன்றது. இங்குள்ள வில்லியம் கிரெவல் இல்லம் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. 1401இல் மறைந்த அவரை இங்கிலாந்துக் கம்பளி வணிகரின் மலர் எனத் தேவாலயத்துப் பித்தளைத் தகடு புகழ்கிறது. அந்நாளில் ஆட்டுக் கம்பளியே அந்நாட்டின் பெருஞ்செல்வம். பிரபுக்கள் அவையின் தலைவர் கம்பளி அடைத்த இருக்கையில் அமரும் மரபு அதனின்று பிறந்ததே. பைபரி ஊரில் ஆர்லிங்டன் வரிசை என்னும் கட்டடம், கம்பளிக் கிடங்காகக் கட்டப்பட்டு, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாறியது. நெய்த துணியை எதிரிலுள்ள ஈரநிலத்தில் சட்டங்களில் விரித்து உலர்த்தினர். வணிகரின் பெயர் பித்தளையில் நிற்கிறது. ஆடு மேய்த்தவர், நூல் நூற்றவர் பெயர்களைத் தேடினால் கிடைப்பதில்லை.

இவ்வூர்கள் இவ்வளவு அழகாக எஞ்சியமைக்குக் காரணம் பற்பல கூறுவர். வறுமையே தலையாய காரணம் என்பது என் கருத்து. நீராவி ஆலைகள் யார்க்ஷயரில் பெருகிய பின் இங்குத் துணித்தொழில் நலிந்தது. பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டப் பணம் இல்லை. இருப்புப்பாதையும் பல ஊர்களை ஒதுக்கிச் சென்றது. நகரத்தார் மிதிவண்டியில் வந்து வியந்த எழில், ஊரார் பட்ட இன்னலின் எச்சம். 1902இல் சி. ஆர். ஆஷ்பி கிழக்கு இலண்டனிலிருந்து கைவினைஞர் குழு ஒன்றைச் சிப்பிங் கேம்டனுக்குக் குடிபெயர்த்தபோது, ஆளின்றிக் கிடந்த பட்டாலை ஒன்று அவர்களுக்குத் தொழிற்கூடமாயிற்று.

இனி, சக்கரத்தைச் சுற்றியிருந்த ரப்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் மேடைகளில், வெள்ளையரின் மிதிவண்டி தொடக்கமுதலே மலாயாத் தமிழர் வெட்டிய பாலில்தான் ஓடிற்று எனப் பேசுவதுண்டு. உணர்ச்சி மெச்சத்தக்கது, ஆனால் வரலாற்று ஆசிரியர் ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்க்கக் கடமைப்பட்டவர். பிரேசிலிலிருந்து வந்த வித்துகளில் முளைத்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரம் பட்டுப்போகாமல் பால் வெட்டும் முறையைக் கண்டார். மலாக்காவில் டான் சே யான் ரப்பர் பயிரிடத் தொடங்கியதோ 1896இல்தான். மிதிவண்டி மோகம் இங்கிலாந்தில் உச்சத்தில் இருந்ததும் அதே ஆண்டுகளில்தான்.

ஆகவே அந்த முதல் டயர்களின் ரப்பர் அமேசான் காட்டிலிருந்தும் ஆப்பிரிக்கக் காட்டிலிருந்தும் வந்தது. 1885 முதல் 1908 வரை லியோபோல்டு மன்னரின் தனியுடைமை போன்றிருந்த காங்கோவில், ஊருக்கு இவ்வளவு ரப்பர் என அளவு விதிக்கப்பட்டது. குறைந்தால் பெண்டிரைப் பிணையாகப் பிடித்தனர், ஊர்களைக் கொளுத்தினர், கைகளை வெட்டினர். ரோஜர் கேஸ்மெண்ட் 1904இல் வெளிவந்த தம் அறிக்கையில் இவற்றைப் பதிந்தார். பின்னர் அவர் அமேசானின் புட்டுமாயோப் பகுதிக்கும் சென்று, அங்குள்ள பழங்குடியினர் பட்ட கொடுமையை ஆராய்ந்தார். அவ்வறிக்கை 1912இல் வெளியாயிற்று. ஆர்லிங்டன் வரிசையின் முன் மிதிவண்டியைச் சாய்த்து நின்ற எழுத்தரோ ஆசிரியையோ இவற்றுள் எதையும் விரும்பியவர் அல்லர். அறிய வாய்ப்புப் பெற்றவரும் தொடக்கத்தில் சிலரே.

நம்மவர் கதை இதன்பின் தொடங்குகிறது. 1910இல் ரப்பர் விலை இராத்தலுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டிற்று. அவ்வாண்டிலேயே டன்லப் நிறுவனமும் மலாயாவில் தோட்டங்கள் வாங்கத் தலைப்பட்டது. தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு எனத் தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினர். விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்று, நிரை பிடித்து, மங்கு மங்காய்ப் பால் சேர்த்தவர் இவர்.

1930ஐ அடுத்த ஆண்டுகளை மாணாக்கர் ஊன்றி நோக்குதல் வேண்டும். உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை இராத்தலுக்குச் சில பென்சாக வீழ்ந்தது. பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். அதே ஆண்டுகள்தாம் இங்கிலாந்துத் தொழிலாளிக்கும் மிதிவண்டி கைக்கெட்டிய காலம். 1930இல் அங்கு இளைஞர் விடுதிச் சங்கம் தோன்றியது; ஆலை இளைஞர் வார இறுதியில் கூட்டங்கூட்டமாகச் சிற்றூர்களுக்கு மிதித்தனர். அவர்களும் குறைகூலிக்காரரே. ஓரிடத்து ஏழைக்குக் கிடைத்த ஒரு நாள் காற்றும் வெயிலும், மற்றோரிடத்து ஏழையின் வேலை இழப்பும் ஒரே விலைப்பட்டியலில் அடங்கியிருந்தன.

ஹாரகேட்டில் பிறந்த கழகம் 2016 முதல் ‘சைக்கிளிங் யூ.கே.’ என்னும் பெயரில் இயங்குகிறது. ஆர்லிங்டன் வரிசையின் நெசவாளர் வீடுகளைத் தேசிய அறக்கட்டளை காத்து வருகிறது. 1877இல் கோலகங்சாரில் நட்ட ஒன்பது கன்றுகளுள் ஒன்று முதிர்மரமாக வேலியினுள் நிற்கிறது. பால் வெட்டியவர் குடியிருந்த லயத்து வீடுகளுள் பெரும்பாலானவை செம்பனைக்கும் புதுக் குடியிருப்புகளுக்கும் இடம்விட்டு மறைந்துபோயின.