அக்கி ஒட்டுமா?

காரைக்குடிப் பக்கம் டாக்டரா இருந்தா இந்தக் கேள்வி வருஷத்துக்குப் பல தடவை வரும். “அப்பத்தாவுக்கு முதுகுல அக்கி. பேத்தி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கலாமா?”

இப்போ இதோட இன்னொரு வம்பும் சேர்ந்திருக்கு. சீட்டுல “ஹெர்பிஸ் சோஸ்டர்”னு எழுதியிருப்போம். பேரன் போன்ல “ஹெர்பிஸ்”னு மட்டும் போட்டுத் தேடுவான். பால்வினை நோய்னு வரும். எழுபது வயசு மனுஷியை வீடே ஒரு மாதிரி பார்க்கும். பாவம் அவங்க.

கொஞ்சம் பழைய கதை சொல்றேன், பொறுமையா வாங்க.

ஹெர்பிஸ் கிரேக்கச் சொல். ஊர்ந்து போவது என்று பொருள். தோலில் ஊர்ந்து பரவிய பலவற்றையும் பழைய மருத்துவர்கள் இந்த ஒரே பெயரில் அழைத்தார்கள். குழப்பம் அங்கேயே ஆரம்பம். சோஸ்டர் என்றால் இடுப்புக் கச்சை. நம்ம ‘அக்கி’ அக்னியிலிருந்து வந்தது என்பார்கள். வந்தவங்களைக் கேளுங்க, பொருத்தமான பேருதான்னு சொல்வாங்க.

நம்ம பக்கம் அக்கின்னா முதல்ல வேளார் வீட்டுக்குத்தான் போவாங்க. செங்காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் எழுதுவார். சிங்கம், நாய் என்று உருவம் போடுவதும் உண்டு. ஏழு, பத்து நாளில் பொருக்கு தட்டும், பிறகு உதிரும். எழுதாவிட்டாலும் ஏறக்குறைய அதே நாளில்தான் உதிரும்! அதனால்தான் இந்த வைத்தியம் இத்தனை காலம் தோற்கவே இல்லை. வேளாரைக் குறை சொல்லலை. மருந்தே இல்லாத காலத்தில் பயந்துபோன மனுஷருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் அவர்.

சரி, ஒட்டுமா? 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் புடாபெஸ்டில் போகாய் என்ற குழந்தை மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். வீட்டில் பெரியவருக்கு அக்கி வந்தால், சில நாள் கழித்துக் குழந்தைக்கு வருவது அக்கி இல்லை, சின்னம்மை. 1925-இல் குண்ட்ராடிட்ஸ் என்பவர் அக்கிக் கொப்புளத்து நீரைக் குழந்தைகள் தோலில் ஏற்றிப் பார்த்தார். சின்னம்மை வந்தது. (இன்னைக்கு இப்படிச் செஞ்சா ஜெயில்தான்.) 1950-களில் தாமஸ் வெல்லர் இரண்டு கொப்புளத்திலிருந்தும் கிருமியை வளர்த்து, இரண்டும் ஒன்றே என்று காட்டினார்.

அப்போ பெரியவருக்கு அது எங்கிருந்து வந்தது? இதைப் பிடித்தவர் பெரிய ஆராய்ச்சிக்கூடத்து ஆள் இல்லை. சைரன்செஸ்டர் என்ற சின்ன ஊரின் குடும்ப டாக்டர், எட்கர் ஹோப்-சிம்ப்சன். தன்னிடம் 16 வருஷத்தில் வந்த 192 அக்கி நோயாளிகளைக் குறித்து வைத்தார். ஷெட்லாந்தில் யெல் என்ற தீவுக்கும் போய் விசாரித்தார். யார் யாரைப் பார்த்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த இடம் அது. அக்கி வந்தவர்கள் யாரிடமிருந்தும் வாங்கவில்லை. சிறுவயதில் வந்த அம்மை நரம்பு முடிச்சில் தூங்கி, எதிர்ப்புச் சக்தி குறையும்போது விழிக்கிறது என்று 1965-இல் எழுதினார். அதுதான் சரி.

ஆக, அக்கியிலிருந்து அக்கி ஒட்டாது. ஆனா அம்மையே போடாத, தடுப்பூசியும் போடாத ஒருத்தர் கொப்புள நீரைத் தொட்டா அவருக்குச் சின்னம்மை வரலாம். நம்ம மாதிரி வெப்பமான நாடுகளில் அம்மை போடாமலே வளர்ந்துவிடும் பெண்கள் அதிகம். கர்ப்பிணிக்கு வந்தால் நுரையீரல் வரை போகலாம். பிரசவத்தை ஒட்டி வந்தால் பச்சைப்பிள்ளையின் உயிருக்கே ஆபத்து.

போன்ல பார்த்த பால்வினை ஹெர்பிஸ் வேற கிருமி, ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ். குடும்பப் பேரு மட்டும்தான் ஒண்ணு. அதிலும் உதட்டுல கொப்புளம் போடற முதல் வகை, 50 வயசுக்குள்ள இருக்கறவங்கள்ல 64 சதவீதம் பேர்கிட்ட இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது. பலருக்குச் சின்ன வயசு முத்தத்துல வந்ததுதான். கை குலுக்கினா, பக்கத்துல உட்கார்ந்தா, ஒரே கக்கூஸைப் பயன்படுத்தினா வராது. ஆனா உதட்டுல கொப்புளத்தோட பச்சைக்குழந்தையைக் கொஞ்சாதீங்க. தாய்மாமனா இருந்தாலும் சரி.

இன்னொன்னு. அக்கி வந்த 72 மணி நேரத்துக்குள்ள மருந்தைத் தொடங்கினா பலன் அதிகம். அசைக்ளோவிரை 1970-களிலேயே கண்டுபிடிச்சுட்டாங்க. அதில் பங்குள்ள கெர்ட்ரூட் எலியன் 1988-இல் நோபல் வாங்கினார். காவி எழுதி மூணு நாள் போனா அந்த நேரம் போச்சு. நெத்தியில, மூக்கு நுனியில, கண்ணோரம் வந்தா ஒரு நாள்கூடக் காத்திருக்காதீங்க, பார்வை போகலாம்.

அந்தப் பேத்திகிட்ட நான் கேட்டது ஒண்ணுதான்: “உனக்குச் சின்ன வயசுல அம்மை போட்டுச்சாம்மா?” பதில் அப்பத்தாகிட்டேருந்து வந்தது: “ஆறாப்பு படிக்கையில போட்டுச்சு. முத்துமாரிக்கு வேண்டிக்கிட்டு நாந்தான் வேப்பிலை அரைச்சுப் போட்டேன்.” அப்போ ஒரே வீட்டுல இருக்கலாம். கொப்புளத்தைத் துணியால மூடணும், துண்டு தனி. போடலைன்னு சொல்லியிருந்தா, பொருக்கு தட்டற வரைக்கும் வேற வீடு. ஏற்கெனவே தொட்டிருந்தா அன்னைக்கே மகப்பேறு டாக்டர்கிட்ட ஓடணும்.