1996: ஒரு மாத்திரையும் இரண்டு சட்டங்களும்

அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டு மூன்று விஷயங்கள் நடந்தன. பர்டியூ ஃபார்மா என்ற கம்பெனி ஆக்ஸிகான்டின் என்னும் வலி மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மார்ச் மாதம் ஒரு சட்டம் வந்தது. போதைப் பழக்கத்தைக் காரணம் காட்டி இனி யாரும் மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்க முடியாது என்றது. ஏற்கெனவே அப்படி வாங்கிக்கொண்டிருந்த சுமார் 2 லட்சம் பேருக்கு நோட்டீஸ் போனது. ஆகஸ்டில் இன்னொரு சட்டம். போதைப்பொருள் வழக்கில் கடுங்குற்றவாளி என்று தண்டனை பெற்றவருக்கு ஆயுள் முழுக்க உணவுக் கூப்பன் கிடையாது, குடும்பங்களுக்குத் தரும் பண உதவியும் கிடையாது என்றது.

அன்றைக்கு இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் காரணம் இருந்திருக்காது. ஆனால் அடுத்த 20 வருடங்களில் மூன்றும் ஒரே வீட்டு வாசலில் வந்து நின்றன.

முதலில் மாத்திரையைப் பார்ப்போம். ஆக்ஸிகான்டினில் இருக்கும் ஆக்ஸிகோடோன் அபின் வகை மருந்து. மார்ஃபின், ஹெராயின் எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள்தான். மருந்து 12 மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் இறங்கும் என்பதுதான் புதுமை. மெதுவாக இறங்குவதால் போதைக்காக இதைப் பயன்படுத்தும் வாய்ப்பு குறையும் என்று நம்பப்படுவதாக, அரசு ஒப்புதல் கொடுத்த லேபிளிலேயே அச்சாகியிருந்தது. நிரூபிக்கப்பட்டது அல்ல, நம்பப்படுகிறது! மாத்திரையை நசுக்கினால் 12 மணி நேர மருந்தும் ஒரேயடியாகக் கிடைக்கும் என்பதை ஊர் இளைஞர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இதை விற்ற விதம் இருக்கிறதே, அது மார்க்கெட்டிங் பாடப்புத்தகத்தில் இடம்பெற வேண்டியது. எந்த டாக்டர் எந்த மருந்தை எவ்வளவு எழுதுகிறார் என்ற தகவல் அமெரிக்காவில் விலைக்குக் கிடைக்கும். அதை வைத்து, வலி மாத்திரை அதிகம் எழுதும் டாக்டர்களைப் பொறுக்கி எடுத்து மெடிக்கல் ரெப்புகளை அனுப்பினார்கள். முதல் முறை இலவசம் என்று நோயாளிகளுக்குக் கூப்பன் கொடுத்தார்கள். 2001 வரை சுமார் 34,000 கூப்பன்கள் பயன்பட்டன. அந்த வருடம் ஒரு ரெப்பின் சராசரிச் சம்பளம் 55,000 டாலர், சராசரி போனஸ் 71,500 டாலர். சம்பளத்தைவிட போனஸ் அதிகம்! 1996 இல் 4.8 கோடி டாலராக இருந்த விற்பனை 2000 இல் சுமார் 110 கோடி டாலரைத் தொட்டது.

அடிமையாகும் ஆபத்து ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று ரெப்புகள் சொன்னார்கள். வலி மருந்து ஆதரவாளர்கள் அடிக்கடி காட்டிய ஆதாரம், 1980 இல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஐந்தே வாக்கியக் கடிதம். அது ஆராய்ச்சிக் கட்டுரைகூட இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்து, கண்காணிப்பில் மருந்து வாங்கியவர்களைப் பற்றியது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் ஒரு மாத மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் 600 தடவைக்கு மேல் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.

மாத்திரை முதலில் பலமாகப் பிடித்த இடங்களில் ஒன்று அபலாச்சியா மலைப்பகுதி. மேற்கு வர்ஜீனியா, கிழக்குக் கென்டக்கி, வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலை. நிலக்கரிச் சுரங்க நாடு. மேற்கு வர்ஜீனியாவில் 1940களின் இறுதியில் லட்சத்துக்கு மேல் இருந்த சுரங்கத் தொழிலாளர்கள், நூற்றாண்டு முடிவதற்குள் கால் பங்குக்கும் கீழே போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது முதுகு வலியும் முழங்கால் வலியும். வேலை போனவருக்கு அங்கே கிடைத்த ஒரே நிரந்தர வருமானம் பல சமயம் மாற்றுத்திறனாளி உதவித்தொகைதான். வருமானம் குறைவாக இருந்தால், ஏழைகளின் மருத்துவச் செலவை அரசே கட்டும் மெடிகெய்ட் அட்டையும் சேர்ந்து வரும்.

இங்கேதான் கணக்கு விபரீதமாகிறது. அட்டையைக் காட்டினால் சில டாலர் கொடுத்து ஒரு பாட்டில் மாத்திரை வாங்கலாம். தெருவில் ஆக்ஸிகான்டின் விலை மில்லிகிராமுக்கு ஒரு டாலர். அதாவது 80 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 80 டாலர். பாதியைத் தின்று பாதியை விற்றால் வாடகை வந்துவிடும். வேறு வேலையே இல்லாத ஊரில் இதை வெறும் ஒழுக்கக்கேடு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் சரக்கை அனுப்பியவர்களுக்குக் கணக்கு தெரியாமலா இருந்திருக்கும்? சுமார் 400 பேர் வசித்த கெர்மிட் என்ற ஊரின் ஒரே மருந்துக் கடைக்கு இரண்டு வருடத்தில் ஏறக்குறைய 90 லட்சம் ஹைட்ரோகோடோன் மாத்திரைகள் போயின (இதுவும் அபின் வகைதான், வேறு கம்பெனிகளின் சரக்கு). இதை 2016 இல் வெளியே கொண்டுவந்தவர் எரிக் ஐர் என்ற உள்ளூர்ப் பத்திரிகை நிருபர். அடுத்த வருடம் அவருக்கு புலிட்சர் பரிசு கிடைத்தது.

2007 இல் பர்டியூ தன் மாத்திரையைப் பற்றித் தவறான தகவல் கொடுத்து விற்றதாகக் கோர்ட்டில் ஒப்புக்கொண்டு சுமார் 60 கோடி டாலர் கட்டியது. யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. 2010 இல் எளிதில் நசுக்க முடியாத மாத்திரையைக் கொண்டுவந்தார்கள். பழகியவர்களில் பலர் ஹெராயினுக்குத் தாவினார்கள், 2013 க்குப் பிறகு ஃபென்டனில் வந்தது. 2021 இல் நாடு முழுவதும் எல்லா வகைப் போதைப்பொருளாலும் அளவு மீறி இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 2023 க்குப் பிறகு அந்த எண்ணிக்கை வேகமாகக் குறைந்துவருகிறது, ஆனாலும் 2024 இல் சுமார் 80,000 பேர்.

சாவுக்குக் கணக்கு இருக்கிறது. சாகாமல் வேலையிலிருந்து காணாமல் போனவர்களுக்கு? பொருளாதார அறிஞர் ஆலன் க்ரூகர் இதைத்தான் தேடிப் பார்த்தார். வேலையும் செய்யாமல், வேலையும் தேடாமல் இருக்கும் 25 முதல் 54 வயது ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தினமும் ஏதோ ஒரு வலி மருந்து சாப்பிடுகிறார்கள் என்று 2017 இல் எழுதினார். 1999 முதல் 2015 வரை ஆண்களின் உழைப்புப் பங்கேற்பு குறைந்ததில் 20 சதவீதத்தையும், பெண்கள் விஷயத்தில் 25 சதவீதத்தையும் அபின் வகை மருந்துச் சீட்டுகளின் பெருக்கம் விளக்கக்கூடும் என்பது அவர் மதிப்பீடு. வேலை போனதால் மாத்திரையா, மாத்திரையால் வேலை போனதா என்பதில் பொருளாதார அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். இரண்டும்தான் என்று தோன்றுகிறது. இன்னொரு பக்கம் ஆள் கிடைக்காமல் தவித்த தொழிற்சாலைகள். இண்டியானாவில் கேபிள் தயாரிக்கும் பெல்டன் கம்பெனி 2018 இல் ஒரு புது வழியைப் பிடித்தது. போதைப் பரிசோதனையில் தோற்றவரைத் திருப்பி அனுப்பாமல், கம்பெனி செலவில் சிகிச்சை கொடுத்து, தேறினால் வேலை என்றது.

அரசு என்ன செய்தது? 1996 இன் இரண்டு சட்டங்களும் வேலையைக் காட்ட ஆரம்பித்தது இப்போதுதான். முதுகு வலிக்கு உதவித்தொகை உண்டு. அந்த முதுகு வலிக்கு எழுதிய மாத்திரையால் வந்த அடிமைத்தனத்துக்கு இல்லை. மெடிகெய்ட் அட்டைக்கு ஆக்ஸிகான்டின் கிடைத்தது. ஆனால் அந்தப் பழக்கத்திலிருந்து மீட்க 1960களிலிருந்தே பயன்படும் மெதடோன் சிகிச்சைக்கு மேற்கு வர்ஜீனியாவின் மெடிகெய்ட் 2018 வரை பணம் கட்டவில்லை. மாத்திரையோடு பிடிபட்டுத் தண்டனை பெற்ற தாய் ஜெயிலிலிருந்து வந்தால் உணவுக் கூப்பன் இல்லை. மேற்கு வர்ஜீனியாவில் இந்தத் தடை 2019 வரை இருந்தது. கொலைக் குற்றவாளிக்கு இந்தத் தடை இல்லை என்பதையும் கவனியுங்கள். இந்தப் பிரிவைக் கொண்டுவந்தவர் டெக்சாஸ் செனட்டர் ஃபில் கிராம். செனட்டில் இதன் மேல் நடந்த விவாதம் மொத்தம் இரண்டு நிமிடம்.

குழந்தைகள்? பெரும்பாலும் பாட்டி வீட்டில். அரசுக் காவலில் இருந்த குழந்தைகளின் எண்ணிக்கை 2012 இல் சுமார் 3,97,000 ஆக இருந்து 2017 இல் 4,43,000 ஆனது. ஆனால் உறவினர் வீட்டில் வளர்ந்த குழந்தைகளில் பெரும்பாலோர் இந்தக் கணக்கிலேயே வராதவர்கள். ஓய்வூதியத்தில் வாழும் 60 வயதுப் பாட்டி மறுபடியும் பால் பாட்டில் கழுவுகிறாள். முன்பின் தெரியாத ஒருவர் லைசென்ஸ் வாங்கி அதே குழந்தையை வளர்த்தால் அரசு மாதாமாதம் நல்ல தொகை தரும். சொந்தப் பாட்டிக்குக் கிடைப்பது அதில் ஒரு பகுதி, அல்லது ஒன்றுமே இல்லை. பாசத்துக்குக் கூலி எதற்கு என்ற நினைப்பு போல!

கென்டக்கியில் உறவினர்களுக்குக் குழந்தைக்கு மாதம் 300 டாலர் தரும் திட்டம் ஒன்று இருந்தது. 2013 இல், தேவை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், பணம் இல்லை என்று புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். இரண்டு சிறுவர்களை வளர்த்த, அவர்களுக்குப் பாட்டி முறையுள்ள ஒரு பெண்மணியின் வழக்கு மேல் முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. அரசே வீட்டை வந்து பார்த்து, பின்னணியை விசாரித்து, குழந்தைகளை ஒப்படைத்திருக்கிறது, பிறகு வெளியாருக்குத் தரும் தொகையை இவருக்கு மட்டும் எப்படி மறுக்கலாம் என்று 2017 ஜனவரியில் நீதிபதிகள் கேட்டார்கள். கென்டக்கி உச்ச நீதிமன்றம் போய்ப் பார்த்தது. அவர்கள் வழக்கை எடுத்துக்கொள்ளவே இல்லை. ஆனால் அரசு முறைப்படி ஒப்படைத்த குழந்தைகளுக்குத்தான் இந்தத் தீர்ப்பு பொருந்தும். ராத்திரியில் மகள் வாசலில் விட்டுவிட்டுப் போன குழந்தையைத் தூக்கிக்கொண்ட பாட்டிக்கு இல்லை.

2019 இல் பர்டியூ திவால் மனு கொடுத்தது. அதன் உரிமையாளர்களான சாக்லர் குடும்பத்துக்கு எதிர்கால வழக்குகளிலிருந்து பாதுகாப்பு தந்த ஒப்பந்தத்தை 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2025 இல் சுமார் 740 கோடி டாலருக்குப் புதிய ஒப்பந்தம் வந்து, நவம்பரில் நீதிபதி ஒப்புதல் கொடுத்தார். பெரும்பகுதி மாநிலங்களுக்கும் ஊராட்சிகளுக்கும் போகிறது. ஆக்ஸிகான்டின் சாப்பிட்டுப் பாதிக்கப்பட்ட தனிநபருக்கு, எவ்வளவு காலம் சாப்பிட்டார் என்பதைப் பொறுத்து, வக்கீல் செலவு போவதற்கு முன் சுமார் 8,000 அல்லது 16,000 டாலர் கிடைக்கலாம். அதற்கு டாக்டர் எழுதிக்கொடுத்ததற்கான ஆதாரம் வேண்டும். பலருக்கு அது 20 வருடத்துக்கு முந்தைய மருந்துச் சீட்டு.