கிட்டங்கி முதல் வங்கி வரை: கடன் தவணையை மாற்றிக் கேட்ட வரலாறு



வீட்டுக்கடனைக் கட்ட இயலாமல் திணறும் குடும்பங்களைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவன் அறியாமல் இருக்க முடியாது. நன்றாகப் படித்துவரும் மாணவன் ஆண்டின் நடுவிலே வேறு பள்ளிக்கு மாறிப் போவான். காரணம் கேட்டால், "வீடு மாறுகிறோம் சார்" என்பார்கள். அச்சொற்களுக்குப் பின்னால் பல வேளைகளில் ஓர் ஏல அறிவிப்பு இருக்கும். மலாய்மொழிக் கடிதங்களை என்னிடம் கொண்டுவந்து பொருள் கேட்ட பெற்றோர் சிலர் உண்டு. அவர்களிடம் நான் கண்ட பொதுத்தன்மை ஒன்றுதான்: முதல் கடிதம் வந்து பல மாதங்கள் ஆகியிருக்கும். வங்கிக்குப் போய்த் தவணையைக் குறைத்துக் கேட்பதை மானக்கேடாகக் கருதி, கடிதத்தை மறைத்தே வைத்திருப்பார்கள்.

ஆனால், அடமானக் கடனின் தவணையை மாற்றிக் கேட்பது இம்மண்ணில் நூறாண்டுக்கும் மேலான வழக்கம். அதற்குச் சட்டங்கள் இயற்றப்பட்டுள்ளன; நிறுவனங்கள் தோன்றியுள்ளன. அதன் வரலாற்றை அறிந்தால் அந்தக் கூச்சம் ஓரளவு குறையும் என்னும் நம்பிக்கையில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கிட்டங்கியில் புதுப்பிக்கப்பட்ட நோட்டு

வங்கிகள் சாமானிய மக்களுக்குக் கதவு திறக்காத காலத்தில், மலாயாவில் கடன் கொடுத்தவர்கள் பெரும்பாலும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களே. கோலாலம்பூரில் லெபோ அம்பாங் வீதி அவர்களுடைய கிட்டங்கிகளால் பெயர் பெற்றது. செட்டிநாட்டிலிருந்த முதலாளி அனுப்பிய ஏஜெண்டு ஏறக்குறைய மூன்றாண்டு இங்கே தங்கி வரவு செலவு பார்த்துவிட்டு ஊர் திரும்புவார், அடுத்தவர் வருவார். சீன ஈயச் சுரங்கக்காரர்கள், மலாய்ச் சிறுநிலக்காரர்கள், இந்தியக் குத்தகையாளர்கள், அரசாங்க எழுத்தர்கள் எனப் பலதரப்பட்டவர்களும் அவர்களிடம் கடன் பெற்றனர்.

கடனுக்கு ஈடு புரோநோட்டு அல்லது நிலத்தின் கிராண்டு. தவணையில் கட்ட முடியாதவர் கிட்டங்கிக்கு வந்து தம் நிலையைச் சொல்வார். ஏஜெண்டு உடனே வழக்குப் போடுவது அரிது. கட்டாத வட்டியை முதலோடு சேர்த்துப் புதிய நோட்டு எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்வார். இன்று வங்கிகள் 'கடன் மறுசீரமைப்பு' என்று சொல்வதன் பழைய வடிவம் இதுவே. இதனால் கடன்பட்டவருக்குக் காலம் கிடைத்தது. ஆனால் கடன் வளர்ந்தது. இந்த இரண்டு உண்மைகளையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நூறாண்டு கடந்தும் இவை மாறவில்லை.

விலை வீழ்ந்தபோது

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் கித்தா விலையைச் சாய்த்தது. 1932ஆம் ஆண்டளவில் ஓர் இறாத்தல் கித்தா சில காசுகளுக்கே விற்றது. தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன. ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் தாயகம் அனுப்பப்பட்டனர். அவர்களிடம் அடகு வைக்க நிலமே இல்லை. நிலம் வைத்திருந்த சிறு உடைமையாளர்களுக்கோ வேறு துன்பம் வந்தது. விலை உயர்ந்திருந்த காலத்தில் வாங்கிய கடனை, விலை வீழ்ந்த காலத்தில் எப்படிக் கட்டுவது? நோட்டைப் புதுப்பிப்பதற்கும் ஓர் எல்லை உண்டல்லவா?

அப்போது கூட்டு மலாய் மாநிலங்களின் அரசு, 1931இல் சிறு நிலவுடைமைகளின் விற்பனைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. கடனுக்காகச் சிறு நிலத்தை ஏலம் விட மாநில ரெசிடெண்டின் ஒப்புதல் தேவைப்பட்டது. கடனை அச்சட்டம் அழிக்கவில்லை. விற்பனையை மட்டும் தள்ளிவைத்தது. இது வெறும் இரக்கத்தால் விளைந்ததன்று. மலாய்க் குடியானவர்களின் நிலம் செட்டியார்களின் கைக்குப் போய்விடும் என்னும் அரசியல் அச்சமும் அதில் இருந்தது. 1933ஆம் ஆண்டின் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் அந்நிலங்களைப் பிறரிடம் அடமானம் வைப்பதையே தடுத்தது. செட்டியார்கள் எதிர்ப்புத் தெரிவித்தும் பயனில்லை.

அத்தகைய தடை அக்காலத்தில் இல்லாத பர்மாவில் என்ன நடந்தது? அங்கும் கடன் கொடுத்தவர்கள் செட்டியார்களே. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் விளையும் மாவட்டங்களில், 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காட்டு நிலமே அவர்களிடம் இருந்தது. கடன் கட்ட முடியாதவர்களின் நிலங்கள் வந்து சேரச் சேர, 1938இல் அது 25 விழுக்காடாகியது. அவர்கள் விரும்பியது பணத்தை. கிடைத்ததோ விற்க முடியாத நிலம். அதனால் எழுந்த வெறுப்பையும் அவர்கள் சுமந்தனர். விடுதலைக்குப் பின் பர்மிய அரசு நிலத்தை நாட்டுடைமையாக்கியபோது அதனையும் இழந்தனர். ஈட்டுப் பொருளைப் பறிப்பது கடன் கொடுத்தவனுக்கும் நன்மை தராத நேரங்கள் உண்டு என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று நம் வரலாற்றில் இல்லை.

தாயகத்திலும் இதே சிக்கல் எழுந்தது. 1938இல் இராஜாஜியின் அமைச்சரவை சென்னை மாகாண விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முன் பட்ட கடன்களில், 1937 அக்டோபர் முதல் நாள்வரை நிலுவையிலிருந்த வட்டி முழுவதும் தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. முதலைப் போல் இருமடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. ஏலத்தைத் தள்ளிவைப்பது ஒரு வழி, கடனையே குறைப்பது மற்றொரு வழி என்று இவ்விரு சட்டங்களும் காட்டின. அமெரிக்காவிலோ 1933இல் அரசே ஒரு கழகம் அமைத்து, ஏறத்தாழ பத்து இலட்சம் வீட்டுக்கடன்களைத் தான் ஏற்று, நீண்ட தவணையில் திருப்பிக் கட்ட வகை செய்தது. மூன்றாம் வழி அது.

போருக்குப் பின்

ஜப்பானியர் ஆட்சியில் 'வாழைமர நோட்டு' மதிப்பிழந்துகொண்டே வந்தது. போருக்கு முன் பட்ட கடனை அந்த நோட்டில் அடைத்தவர்களும் உண்டு. 1945இல் அது வெற்றுத்தாளாயிற்று. அடைத்த கடன் அடைந்ததா, இல்லையா? இவ்வழக்கைத் தீர்க்க 1948இல் தனிச்சட்டம் வந்தது. ஜப்பானிய நாணயத்தில் நடந்த கொடுக்கல் வாங்கல்களை மதிப்பிட அட்டவணை ஒன்றும் வகுக்கப்பட்டது.

பின்னர் காலம் மாறியது. 1950இல் தொடங்கி, பின்பு மலாயா போர்னியோ கட்டடச் சங்கம் எனப் பெயர் பெற்ற நிறுவனம் வீட்டுக்கடன் வழங்கலாயிற்று, வங்கிகளும் தொடர்ந்தன. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளிலும் கிள்ளான் வட்டாரத் தோட்ட லயன்களிலும் வாழ்ந்த நம்மவர்களுக்கு வேலைதான் வீடு. வேலை போனால் வீடும் போகும். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது அவர்கள் மலிவுவிலை அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். பலருடைய பரம்பரையில் அதுவே முதல் சொந்த வீடு. முதல் வங்கிக் கடனும் அதுவே.

அக்கடனை ஆள்வது 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச்சட்டம். அதன்படி, கடன்பட்டவர் தவறும்போது வங்கி முதலில் 16'டி' படிவத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். தவற்றைச் சரிசெய்யக் காலம் தர வேண்டும். அதன் பின்னரே உயர்நீதிமன்றத்தையோ நில அலுவலகத்தையோ ஏல ஆணைக்காக நாடலாம். அச்சட்டத்தின் 266ஆம் பிரிவு, ஏலம் முடிவடையும் கணம் வரையில் நிலுவையைச் செலுத்தி வீட்டை மீட்கும் உரிமையை உடைமையாளருக்குத் தருகிறது. ஆனால், தனிப்பட்டா இன்னும் வெளிவராத அடுக்குமாடி வீடுகளின் நிலை வேறு. அவற்றை உரிமை மாற்று ஒப்பந்தத்தின்பேரிலேயே வங்கி வைத்திருப்பதால், நீதிமன்ற ஆணையின்றியே ஏலம் விட முடியும். நம்மவர்களில் பலர் வாழ்வது இத்தகைய வீடுகளில்தான் என்பதை இங்கே சுட்டிக்காட்டுவது என் கடமை.

ஐந்து கோடி வெள்ளிக்கு மேல் ஒரு மேசை

1997 சூலையில் தாய்லாந்தில் தொடங்கிய நெருக்கடி நம் நாட்டையும் தாக்கியது. 1998இல் மலேசியப் பொருளாதாரம் 7 விழுக்காட்டிற்கும் மேல் சுருங்கியது. அடிப்படைக் கடன் வட்டி விகிதம் 12 விழுக்காட்டைத் தாண்டியது. மாறும் வட்டியில் கடன் வாங்கியிருந்தவர்களுக்குச் சம்பளம் குறைந்த அதே ஆண்டில் வட்டி ஏறியது.

அவ்வாண்டு அரசு விரைந்து செயற்பட்டது. வாராக்கடன்களை வாங்க டானாஹார்த்தா, வங்கிகளுக்கு மூலதனம் தர டானாமோடல், நிறுவனங்களின் கடனைப் பேசித் தீர்க்க ஒரு மறுசீரமைப்புக் குழு என மூன்று அமைப்புகள் தோன்றின. அக்குழுவை அணுகுவதற்கு ஒரு தகுதி இருந்தது: நிறுவனத்தின் வங்கிக் கடன் குறைந்தது ஐந்து கோடி வெள்ளி இருக்க வேண்டும். ஐந்து கோடி கடன்பட்டவரோடு அமர்ந்து பேச மேசை போடப்பட்டது. ஐம்பதாயிரம் கடன்பட்டவர் தம் வங்கிக் கிளையில் தனியாகத்தான் நின்றார்.

சாமானியருக்கான மேசை எட்டாண்டுகள் கழித்தே வந்தது. 2006 ஏப்ரலில் பேங்க் நெகாரா, ஏ.கே.பி.கே. எனப்படும் கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனத்தை அமைத்தது. கட்டணமின்றி ஆலோசனை தந்து, கடன்பட்டவர் சார்பாக வங்கிகளோடு பேசி, அவர் வருமானத்திற்கு ஏற்பத் தவணையை மாற்றியமைப்பது அதன் பணி. வருமானம் முற்றாக நின்றுபோனவருக்கோ நொடித்துப்போனவராக அறிவிக்கப்பட்டவருக்கோ அதனால் பெரிதும் உதவ இயலாது.

தொண்ணூறு நாள்

2020இல் கொரோனா பெருந்தொற்று வந்தபோது, வரலாற்றில் முதன்முறையாகக் கேட்காமலேயே சலுகை கிடைத்தது. ஏப்ரல் முதல் நாள் தொடங்கி ஆறு மாதங்களுக்குத் தனிநபர் வீட்டுக்கடன் தவணைகள் தாமாகவே ஒத்திவைக்கப்பட்டன. ஆனால் ஒரு நிபந்தனை: அன்றைய நாளில் தவணை பாக்கி தொண்ணூறு நாளைத் தாண்டியிருக்கக் கூடாது. மிகவும் பின்தங்கிவிட்டவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 2021 சூலையில் மீண்டும் ஆறு மாத ஒத்திவைப்பு வந்தது. இம்முறை விண்ணப்பித்தவர்களுக்கே கிடைத்தது.

ஒத்திவைப்பு வேறு, தள்ளுபடி வேறு. கிட்டங்கி நோட்டில் கண்ட உண்மை இங்கும் உண்டு. ஆண்டு வட்டி 4.5 விழுக்காட்டில் 200,000 வெள்ளி பாக்கி இருந்தால் மாத வட்டி 750 வெள்ளி. ஆறு மாதத்தில் 4,500 வெள்ளி. தவணை நின்றதே தவிர வட்டி நிற்கவில்லை.

தவணைக்காலத்தை நீட்டும்போதும் கணக்கு அவ்வாறே. அதே வட்டியில் 150,000 வெள்ளி பாக்கியை 20 ஆண்டுகளில் கட்ட, மாதம் ஏறத்தாழ 949 வெள்ளி வேண்டும். 30 ஆண்டுகளாக நீட்டினால் 760 வெள்ளி போதும். மாதம் 189 வெள்ளி மிச்சம். ஆனால் இறுதிவரை கட்டும் மொத்தத் தொகை ஏறத்தாழ 46,000 வெள்ளி கூடிவிடும். அப்படியானால் நீட்டக்கூடாதா? வீடு ஏலம் போனால் இழப்பு இதைவிடப் பெரிது. முதல் ஏலத்தில் ஆள் வராவிட்டால் அடிவிலை குறைக்கப்படும். விற்ற பணம் கடனுக்குப் போதாவிட்டால், வீடு போன பின்னும் மீதிக் கடன் தலைமேல் நிற்கும். வாடகையும் கட்டி, இல்லாத வீட்டிற்குக் கடனும் கட்டும் நிலையை நான் கண்டிருக்கிறேன். நிலைமை சீரானதும் தவணையைக் கூட்டிக் கட்டினால் நீட்டிப்பின் சுமையைக் குறைக்கலாம்; ஏலம் போன வீட்டை மீட்கவோ வழியில்லை.

வரலாறு சொல்வது

இந்த நூறாண்டுகளைத் தொகுத்துப் பார்த்தால் இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, சட்டமும் சலுகையும் எப்போதும் தாமதமாகவே வந்துள்ளன. அவை வரும்வரை காத்திருந்தவர்களில் பலர் நிலத்தை இழந்த பின்னரே அவற்றைக் கண்டனர். இரண்டாவது, கடனை மாற்றியமைக்கும் வாய்ப்பு, தவணை தவறுவதற்கு முன்னோ தவறிய தொடக்கத்திலோ கேட்டவருக்கே அகலமாகத் திறந்திருக்கிறது. பெரிய நிறுவனங்கள் இதனை அறியும். வருமானம் குறையும் என்று தெரிந்த அன்றே கணக்கேட்டோடு வங்கிக்குச் சென்றுவிடும். அதனை யாரும் மானக்கேடு என்று சொல்வதில்லை.

ஆகவே, வேலை போனாலோ மிகைநேர ஊதியம் நின்றாலோ குடும்பத்தில் நோய் வந்தாலோ, அம்மாதமே வங்கிக்குச் செல்லுங்கள். சம்பளச் சீட்டு, பணிநீக்கக் கடிதம், மருத்துவச் சான்று, குடும்பச் செலவுக் கணக்கு ஆகியவற்றைக் கொண்டுசெல்லுங்கள். எவ்வளவு கட்ட முடியும் என்பதை நீங்களே எழுத்தில் சொல்லுங்கள். வங்கியின் மறுமொழியையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாற்றிய பின் மொத்தம் எவ்வளவு கூடும் என்று கேட்காமல் கையொப்பமிடாதீர்கள். வங்கி இசையாவிட்டால் ஏ.கே.பி.கே.யை நாடுங்கள். தவணையை அடைக்க வட்டி முதலைகளிடம் போகாதீர்கள்.

மலாய்க் கடிதம் புரியவில்லையெனில் பிள்ளையின் ஆசிரியரிடம் கொண்டுவாருங்கள். அது எங்களுக்குச் சுமையன்று. வந்த வாரத்திலேயே கொண்டுவாருங்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.