ஹிஜ்ரத்: ஊரை விட்டார்கள், அமானிதத்தை விடவில்லை

ஒவ்வொரு முஹர்ரம் பிறையும் நமக்கு ஹிஜ்ரத்தை நினைவூட்டுகிறது. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஆண்டுக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்று ஸஹாபாக்கள் ஆலோசித்தபோது, தேர்ந்தெடுத்தது பத்ர் வெற்றியை அல்ல, கி.பி. 622இல் நடந்த ஹிஜ்ரத்தைத்தான்.

பயணம் நம் பகுதிக்குப் புதிதல்ல. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் முஸ்லிம்கள் வணிகத்துக்காக சைகோன் வரை சென்றார்கள். அந்நகரின் மத்தியப் பள்ளிவாசலை 1935இல் கட்டியவர்கள் தென்னிந்திய முஸ்லிம்களே. இன்றும் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலிருந்து வளைகுடாவுக்கும் பிரான்சுக்கும் செல்வோர் உண்டு. பிழைப்புக்கான பயணம் ஹிஜ்ரத் ஆகிவிடாது. எந்த நிய்யத்தில் போகிறோமோ அதற்கே கூலி. ஆனாலும் பயணம் போகும் ஒவ்வொருவருக்கும் ஹிஜ்ரத்தில் பாடம் இருக்கிறது.

எதிரியின் பொருளும் அமானிதமே

கொல்லத் திட்டமிட்ட குறைஷிகள் வீட்டைச் சூழ்ந்திருந்த இரவு அது. அந்த ஊர் மக்கள் பாதுகாப்புக்காக ஒப்படைத்த பொருட்கள் அப்போதும் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களிடமே இருந்தன. ஈமான் கொண்டோரின் சொத்துகளைக் குறைஷிகள் பறித்திருந்தும், அதற்கு ஈடாக இவற்றை வைத்துக்கொள்ள நபியவர்கள் நினைக்கவில்லை. எல்லாவற்றையும் உரியவர்களிடம் சேர்க்க அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள். அலீ (ரலி) அவர்கள் அந்தப் பொறுப்பை முடித்த பிறகே மதீனாவுக்குப் புறப்பட்டார்கள்.

முயற்சியும் தவக்குலும்

மதீனா மக்காவுக்கு வடக்கே இருக்கிறது. நபியவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் தெற்கே இருந்த ஸவ்ர் குகைக்குச் சென்று மூன்று இரவுகள் தங்கினார்கள். வழிகாட்டியாக அமர்த்திய அப்துல்லாஹ் இப்னு உரைகித் முஸ்லிம் அல்ல. ஆனாலும் நம்பிக்கையானவர், பாதை அறிந்தவர். தேடி வந்தவர்கள் குகை வாசலை நெருங்கியபோது, கவலைப்படாதீர், அல்லாஹ் நம்முடன் இருக்கிறான் என்று நபியவர்கள் தோழரைத் தேற்றினார்கள். திட்டமிடுவதை விட்டுவிடுவது தவக்குல் அல்ல.

வீட்டில் இருப்பவர்களின் தியாகம்

அபூபக்ர் (ரலி) அவர்கள் கையிலிருந்த பணம் முழுவதையும் எடுத்துச் சென்றிருந்தார்கள். பார்வையிழந்த பாட்டனார் அபூ குஹாஃபா கவலைப்பட்டபோது, மகள் அஸ்மா (ரலி) அவர்கள் பணம் வைக்கும் மாடத்தில் கற்களை வைத்துத் துணியால் மூடி, அவரது கையை அதன்மேல் வைத்து ஆறுதல் படுத்தியதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வெளிநாட்டில் உழைப்பவரின் தியாகத்தைப் பேசும் நாம், இங்கே முதியோரையும் பிள்ளைகளையும் தாங்கி நிற்கும் பெண்களை எத்தனை முறை நினைக்கிறோம்?

வந்தவர்களின் கண்ணியம்

மதீனாவில் அன்ஸாரிகளும் முஹாஜிர்களும் சகோதரர்களாக இணைக்கப்பட்டார்கள். ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் அவருக்காக துஆ செய்துவிட்டுக் கடைத்தெருவுக்கு வழி கேட்டார்கள். கொடுத்தவரிடம் தயக்கமில்லை, வந்தவரிடம் பேராசையில்லை. பள்ளிவாசலுக்கான இடம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரு அநாதைச் சிறுவர்களுடையது. அவர்கள் இலவசமாகத் தர விரும்பியும் நபியவர்கள் விலை கொடுத்தே வாங்கினார்கள்.

நமக்கான பாடம்

விசாவும் டிக்கெட்டும் வந்ததும் பெட்டியைக் கட்டுகிறோம். அதற்கு முன் கடன்களை எழுதி வைத்தோமா? மனைவியின் மஹர் பாக்கி இருக்கிறதா? சகோதரிக்குச் சேர வேண்டிய வாரிசுப் பங்கைக் கொடுத்துவிட்டோமா? பக்கத்து வீட்டுக்காரர் எந்த மதத்தவராக இருந்தாலும் அவர் கொடுத்து வைத்த பொருள் திரும்பிச் சேர்ந்ததா? உயிருக்கு ஆபத்தான இரவிலும் நபியவர்கள் இதை மறக்கவில்லை. நமக்கு என்ன சாக்கு?

அதேபோல, பிழைப்புத் தேடி வெளிமாநிலத்திலிருந்து நம் ஊருக்கு வரும் தொழிலாளி ஜும்ஆவில் நம் ஸஃப்பில் நிற்கிறார். தொழுகை முடிந்து ஸலாம் சொல்லி, எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்பதிலிருந்தே அன்ஸாரிகளின் வழி தொடங்குகிறது.

அல்லாஹ் தடுத்தவற்றை விட்டு விலகுபவரே உண்மையான முஹாஜிர் என்பது நபிமொழியின் கருத்து. அந்த ஹிஜ்ரத்துக்கு பாஸ்போர்ட் தேவையில்லை. வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அதற்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.