சூறாவளிக்கு எட்டு நாள் முன்னர்

1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் என்றதும் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது மக்களுக்கு 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளிதான் நினைவில் எழும். அதற்கு எட்டு நாள் முந்திய ஓர் இரவைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன்.

நவம்பர் 15. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஒரு வாரமும் ஆகவில்லை. இந்தோனேசிய ஹாஜிகளை ஏற்றி ஜித்தாவிலிருந்து சுரபாயா நோக்கிப் பறந்த ஐஸ்லாந்து நாட்டு டீசி-8 விமானம், எரிபொருள் நிரப்பக் கட்டுநாயக்கவில் இறங்க வந்தது. இரவு ஏறத்தாழ 11.30 மணி, இடியும் மழையும். ஓடுபாதைக்குச் சுமார் ஒரு மைல் முன்பாகவே அது தென்னந்தோட்டத்தில் வீழ்ந்து தீப்பற்றியது. 262 பேரில் 183 பேர் மாண்டனர்.

கண்ணுக்குத் தரை தெரியாத வேளையில் விமானிக்குத் துணை, தரையிலிருந்து வரும் வானொலிக் கற்றையும் விமானத்திலுள்ள உயரமானியுமே. உயரத்தையும் இறங்கும் வேகத்தையும் விமானிகள் சரிவரக் கவனிக்கவில்லை என்றது இலங்கை விசாரணை. தரையிலிருந்த வழிகாட்டும் கருவியிலேயே கோளாறு என்றது ஐஸ்லாந்துத் தரப்பு.

இது முதல் துயரமுமன்று. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, ஹஜ்ஜுக்குச் சென்றுகொண்டிருந்த இந்தோனேசியர் 182 பேரும் பணியாளர் 9 பேரும் மஸ்கெலியாவுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் மோதி மாண்டனர், ஒருவரும் தப்பவில்லை. ஒல்லாந்து நாட்டு மார்ட்டின் எயார் நிறுவனத்தின் அந்த விமானமும் டீசி-8 வகையே. தாம் எங்கே இருக்கிறோம் என்பதைத் தவறாகக் கணித்த விமானிகள், மலை கடக்குமுன்னரே தாழ இறங்கிவிட்டனர். அதன் சக்கரமொன்று நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டது.

ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர் வீடு வீடாகச் சென்று பயணம் சொல்லிப் பொருத்தம் கேட்பதும், திரும்பி வந்தவரைக் காண ஊரே திரள்வதும் நாமறிந்த வழக்கங்கள். முதல் விமானத்தில் இருந்தோர் பயணம் சொல்லிப் புறப்பட்டவர்கள். இரண்டாவதில் இருந்தோர், ஸம்ஸம் நீரோடு வருவார்கள் என வீட்டார் வழிபார்த்திருந்தவர்கள்.

எட்டு நாளில் நம் கூரைகளும் தென்னைகளும் சரிந்தன. நம் மையித்துகளை எண்ணிய கைகளுக்கு அயலார் மையித்துகளை எண்ண நேரமிருக்கவில்லை. அதைக் குறையென்று சொல்லமாட்டேன். ஆனால், இந்த மண்ணில் உறவினர் எவருமின்றி உயிர்நீத்த அந்த விருந்தாளிகளுக்கு நாமே உறவினர். நவம்பரில் நம்மவர்களுக்காகக் கையேந்தும்போது, அவர்களுக்கும் ஒரு துஆ கேட்போமாக.