பற்றரி இல்லாத பொறி

சென்ற கோடையில், நெக்கார் ஆற்றுக்கு அண்மையில் வசிக்கும் ஜேர்மனிய அயலவர் ஒருவர் தன் தோட்டத்துக்கு என்னை அழைத்தார். தண்ணீர் நிரப்பிய பீப்பா ஒன்றின் விளிம்பில் பழைய படகு மோட்டர் ஒன்றைப் பூட்டி வைத்திருந்தார். தகப்பன் விட்டுப்போனது, பத்து வருடம் கராஜில் கிடந்ததாம். கயிற்றை இழுத்து இழுத்து அவருக்குத் தோள் வலியெடுத்துவிட்டது. "இனிக் குப்பைக்குத்தான்" என்றார்.

நான் ஸ்பனர் கேட்டு வாங்கி, பிளக்கைக் கழற்றி முகர்ந்து பார்த்தேன். முப்பது ஆண்டுகளாகப் படகு மோட்டர் எதையும் தொடாத கை, தானாகவே அடுத்த வேலைக்குப் போயிற்று. குருநகரில் மாமாவின் பட்டறையில் பழகிய கை அது. ஆனால், அங்கே நாங்கள் நாள்தோறும் கழற்றிப் பூட்டிய அந்தப் பொருளின் பூர்வீகம் இன்று நான் வாழும் ஸ்ருட்கார்ட் நகரத்தோடு பிணைந்தது என்பதை இங்கு வந்து பல காலத்தின் பின்னரே அறிந்தேன்.

றொபேர்ட் பொஷ் 1886 நவம்பரில் இந்நகரில் ஒரு சிறு பட்டறையைத் திறந்தார். அடுத்த ஆண்டு, ஓரிடத்தில் நின்று இயங்கும் எஞ்சின் ஒன்றுக்கு மக்னீற்றோ செய்து கொடுத்தார். காந்தமும் கம்பிச் சுருளும் ஒன்றையொன்று கடந்து அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்பது 1831இல் பரடே கண்ட உண்மை. அந்த மின்சாரத்தால் சிலிண்டருக்குள் தீ மூட்டுவதுதான் மக்னீற்றோவின் வேலை. 1897இல் அது ஓடும் வண்டியிலும் ஏறியது. ஆயினும் அதன் மின்னழுத்தம் குறைவு. சிலிண்டருக்குள்ளேயே இரு உலோகங்களைத் தொடவைத்துப் பிரித்துத்தான் பொறி எடுக்கவேண்டும். 1902இல், பொஷிடம் வேலை செய்த கொட்லோப் ஹொனோல்ட் உருவாக்கிய உயரழுத்த மக்னீற்றோ, அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்குடன் வெளிவந்தது. அந்த நிறுவனத்தின் சின்னத்தில் வட்டத்துக்குள் இருப்பது மக்னீற்றோவின் ஆர்மேச்சரே. அதை 1918இல் வரைந்தவரும் ஹொனோல்ட்தான்.

நோர்வேயில் பிறந்த ஓலே எவின்ரூட் 1909இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் படகு மோட்டர்களை விற்கத் தொடங்கினார். காலப்போக்கில் இத்தகைய மோட்டர்களில் காந்தத்தை பிளைவீலுக்குள்ளேயே பதித்துவிட்டார்கள். கயிற்றை இழுக்க, காந்தம் கொயிலைச் சுற்றி ஓடும். பொயின்ற் திறக்கும் கணத்தில் பிளக்கில் பொறி பாயும். பற்றரி தேவையில்லை. 1960களின் பிற்பகுதியில் நோர்வேயின் உதவியோடு காரைநகரில் சீநோர் எழுந்து, பைபர்கிளாஸ் படகுகளும் எங்கள் கரைகளில் பரவியபோது, இந்த மோட்டர்கள் மீனவரின் அன்றாடப் பொருளாயின.

மாமாவிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. "முதல்ல பிளக்கைக் கழட்டிப் பார் தம்பி. ஊகமெல்லாம் பேந்து" என்பார். பிளக் காய்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லை. நனைந்திருந்தால் பொறியைச் சந்தேகி. சிந்திய எண்ணெயைத் துடைத்துவிட்டு, பிளக்கை வயரில் மாட்டி, அதன் உடலை எஞ்சின் இரும்போடு அணைத்துக் கயிற்றை இழுக்கவேண்டும். நீலப் பொறி பாய்ந்தால் மக்னீற்றோ நலம். பொறியே இல்லையென்றால், நிறுத்தும் பொத்தானின் வயரை முதலில் கழற்றச் சொல்வார். உப்புப் பிடித்த அந்த வயர் இரும்பில் பட்டால் பொறி முழுதும் அங்கேயே செத்துவிடும். அதை அறியாமல் நல்ல கொயிலை மாற்றியவர்கள் பலர். பொறி மஞ்சளாய் மெலிந்தால் பொயின்றைப் பார்க்கவேண்டும். அரத்தாள் கொண்டு மெல்லத் தேய்த்து, துகள் போகச் சுத்தமான கடதாசியை இடையில் விட்டு இழுத்து, இடைவெளியைச் சரிசெய்வார். பொயின்ற் அடிக்கடி கருகினால் கொண்டென்சர் கெட்டது. கொயில் வெடித்திருந்தால் இருட்டில் வைத்துப் பார்க்க, மின்சாரம் ஒழுகும் இடத்தில் நீலக் கோடு தெரியும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் தடைப்பட்ட பொருட்களாயின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோமே, நினைவிருக்கிறதா? கடலில் எங்களுக்குக் கைகொடுத்ததும் அதே காந்தமும் கம்பியும்தான். சில சொட்டுப் பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய்க் கரி பிளக்கை விரைவில் அடைத்துவிடும். மாமா அதைத் தணலில் வாட்டிச் சுரண்டி மீண்டும் பூட்டுவார். பழைய மோட்டார் சைக்கிளின் கொண்டென்சர் படகு மோட்டருக்குள் போகும்.

ஆனையிறவுப் பாதை மூடுண்டபின் கிளாலி நீரேரியே பெருந்தொகையானோருக்கு வழியாயிற்று. மோட்டர் பூட்டிய ஒரு படகின் பின்னே பல படகுகளைக் கயிற்றில் தொடுத்து இருளில் இழுத்துச் சென்றார்கள். நாகதேவன்துறையில் கடற்படைத் தளம் இருந்தது. 1993 ஜனவரி 2ஆம் நாள் அந்த நீரேரியில் பயணிகள் படகுகள் தாக்கப்பட்டுப் பலர் மாண்டனர். நான் கடந்தது அதற்கு முந்திய ஆண்டு. நடுவழியில் எங்கள் மோட்டர் நின்றது. ஒருவரும் பேசவில்லை. ஓட்டி டோர்ச்சைச் சாரத்துக்குள் மறைத்துப் பிடித்தபடி பிளக்கை மாற்றினார். மூன்றாவது இழுப்பில் அது பிடித்தது. அந்த ஒரு பிளக்கில் எத்தனை குடும்பங்கள் தொங்கிக்கொண்டிருந்தன!

1914 வரை பிரித்தானியா தனக்கு வேண்டிய மக்னீற்றோக்களில் பெரும்பங்கை ஜேர்மனியிலிருந்தே பெற்றது. போர் மூண்டதும் வரத்து நின்றது. விமானத்துக்கும் லொறிக்கும் பொறி வேண்டும். பேரரசு அவசர அவசரமாகச் சொந்தத் தொழிற்சாலைகளைக் கட்டியெழுப்பியது. பிரித்தானிய இயந்திரத் தொழிலின் வரலாற்றில் அதற்கு இடமுண்டு. அதே பொருளுக்கு எங்களுக்கும் தடை வந்தது. எங்களிடம் இருந்தவை அரத்தாளும் தணலும் சில மனிதர்களின் கைகளும். அவர்களைப் பற்றி எங்கே எழுதியிருக்கிறோம்? களங்களின் பெயரும் நாளும் எங்களுக்கு மனப்பாடம். படகை ஓடவைத்தவர்களின் பெயர் தெரியாது.

அயலவரின் மோட்டரில் பொயின்ற் வெளிறிப் பூத்திருந்தது. தேய்த்துத் துடைத்தேன், பொறி நீலமாயிற்று, பீப்பாத் தண்ணீர் கொதிப்பதுபோல் குமுறியது. மாமா எங்கே தொழிற்பயிற்சி பெற்றார், சான்றிதழ் உண்டா என்று அவர் கேட்டார். இந்த நாட்டில் அது இயல்பான கேள்விதான். மாமாவின் பட்டறைக்குப் பெயர்ப்பலகைகூட இருந்ததில்லை என்றேன்.

மாமாவிடம் ஒரு கொப்பி இருந்தது. எந்த மோட்டருக்கு எந்தக் கொண்டென்சர் பொருந்தும், எவ்வளவு இடைவெளி என்றெல்லாம் பென்சிலால் குறித்திருப்பார். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அது போயிற்று. இப்போது அவரும் இல்லை. அவர் காலத்தவர் சிலர் இன்னும் கரைகளிலும், பரிஸிலும் ரொறொன்ரோவிலும் பிள்ளைகளின் வீடுகளிலும் இருக்கிறார்கள். புதிய மோட்டர்களில் பொயின்ற் இல்லை. எல்லாம் மின்னணுப் பெட்டி. ஆகவே அவர்களை யாரும் வேலைக்காகத் தேடிப் போகப்போவதில்லை. கேட்டு எழுதுவதற்காகவாவது நாங்கள் போகவேண்டும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வார இறுதியில் ஒரு கொப்பியோடு அவருக்குப் பக்கத்தில் இருங்கள்.