நீலகிரி தைலமும் ஒரு கம்ப்யூட்டர் ஸ்கோரும்

2020 ஏப்ரல்ல எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல நான் ஒரு மெசேஜ் ஃபார்வர்டு பண்ணினேன்: நீலகிரி தைலம் கொரோனாவைத் தடுக்கும்னு கம்ப்யூட்டர் ஆய்வு நிரூபிச்சிருச்சாம். அதை நம்பி எங்க பெரியப்பா மூணு நாள் காய்ச்சலோட ஆவி பிடிச்சுக்கிட்டே இருந்தார், டெஸ்ட் எடுக்கப் போகலை. பிழைச்சுட்டார். ஆனா அந்த ஃபார்வர்டு இன்னும் எனக்கு உறுத்துது. அந்த ஆய்வு உண்மையில என்ன சொன்னது? கொஞ்சம் பின்னாடி போகணும்.

1894இல் ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர் ஓர் உவமை சொன்னார்: நொதி ஒரு பூட்டு, அதில் பொருந்தும் மூலக்கூறு ஒரு சாவி. ஆனால் அந்தப் பூட்டை அப்போது யாரும் பார்த்ததில்லை. 1950களின் கடைசியில்தான் எக்ஸ் கதிர்கள் மூலம் புரதங்களின் வடிவம் தெரிய ஆரம்பித்தது. அந்த வடிவங்களைச் சேமிக்க 1971இல் புரோட்டீன் டேட்டா பேங்க் தொடங்கியபோது, கையில் இருந்தவை வெறும் 7. 1982இல் சான் பிரான்சிஸ்கோவில் இர்வின் குன்ட்ஸ் குழு, சாவியைக் கம்ப்யூட்டரே பூட்டில் பொருத்திப் பார்க்கும் முறையை வெளியிட்டது. அதுதான் ‘டாக்கிங்’. 2010இல் ஆட்டோடாக் வினா என்ற இலவச மென்பொருள் வந்தபின், ஒரு லேப்டாப் இருந்தாலே போதும் என்றானது.

2020 பிப்ரவரியில் கொரோனா வைரஸின் முக்கியமான ஒரு நொதியின் வடிவம் பொதுவில் வெளியானது. அடுத்த மாதமே, நீலகிரி தைலத்தில் உள்ள யூகலிப்டால் அதில் பொருந்துகிறது என்று, சக ஆய்வாளர்கள் சரிபார்க்காத ஒரு கட்டுரை வந்தது. நான் அனுப்பின மெசேஜோட மூலம் அந்த மாதிரி ஒண்ணுதான்.

அதே வருஷம் இன்னொரு குழு, வாசனை எண்ணெய்களில் உள்ள 171 சேர்மங்களை வைரஸின் பல புரதங்களோடு பொருத்திப் பார்த்தது. முடிவு? பிடிப்பு பலவீனம். ஆச்சரியம் இல்லை. சீக்கிரம் ஆவியாகணும்னா மூலக்கூறு சின்னதா இருக்கணும். சின்னச் சாவி பெரிய பூட்டுல ஆடும்.

டாக்கிங்கை நான் குறை சொல்லலைங்க. ஆயிரக்கணக்கான பொருள்ல எதை முதல்ல லேப்ல சோதிக்கலாம்னு அது வடிகட்டிக் கொடுக்கும். ஆனா அந்தப் பொருள் ரத்தத்துல எவ்வளவு சேரும், உடம்பு தாங்குமான்னு அந்த ஸ்கோர் சொல்லாது. நீலகிரி தைலத்தைக் குடிச்சா விஷம். குழந்தைகளுக்கு வலிப்பே வரலாம்.

அதனால இப்பெல்லாம் ‘கம்ப்யூட்டர் நிரூபிச்சது’ன்னு ஏதாவது வந்தா ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு தேடிப் பார்க்கிறேன்: இதை மனுஷங்ககிட்ட சோதிச்சாங்களா? பெரும்பாலும் அங்கேயே கை நின்னுடும்.